ஜி.டி. வண்டிக்கு எஃப்.சி.

ரிட்டயர்டு பூகோள வாத்தியார் ஐசக்கின் காருக்கு அன்றோடு பதினைந்து வயது முடிந்தது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைத்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம்; கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான். பிரேக்கை நாலு தரம் மிதித்தால் அரைத் தரம் பிடிக்கும். "ஆண்டவரே, பிரேக்கைப் பத்தி மட்டும் யாரும் கேக்கக் கூடாது" என்று சிட்லபாக்கத்திலிருந்து ஜெபித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள் கோபித்துக்கொள்ளும்.

ஆய்வாளர் பக்தவச்சலம் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் பளபளத்த இரண்டு எழுத்துகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஜி.டி. என்பதன் விரிவாக்கம் யாது?"

எதிர்வீட்டுக் காரில் இருக்கிறதே என்று குரோம்பேட்டையில் வாங்கி ஒட்டியது. அதைச் சொல்ல வாத்தியாருக்கு மானம் இடம் தரவில்லை.

"கிரான் டூரிஸ்மோ சார். இத்தாலி பாஷை, பெரும் பயணம்னு அர்த்தம். அந்தக் காலத்து ஐரோப்பாப் பணக்காரங்க நாடு நாடா சுத்துனதுலேர்ந்து வந்த பேரு."

"சுற்றுலா வாகனமா? மஞ்சள் நம்பர் பிளேட் எங்கே?"

"ஐயோ, இது அதிகபட்சம் போனதே சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும்தான் சார்!"

"பெரும் பயணம் போகாத வாகனத்தில் அவ்வாறு எழுதுவது பொதுமக்களை ஏமாற்றும் செயலல்லவா?"

"அப்ப பிச்சு எடுத்துடறேன்."

"வாகனத்தின் தோற்றத்தை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும்."

இப்படியே மூன்று மணி நேரம். கடைசியில், 'இவ்வாகனம் பெரும் பயணம் செல்ல ஆசை உடையது. ஆனால் செல்லாது' என்று ஐசக் எழுதிக் கொடுத்தபின் சிக்கல் தீர்ந்தது. எழுத்தைச் சோதித்த களைப்பில் ஆய்வாளர் விளக்கு, ஹார்ன், பிரேக் எல்லாவற்றுக்கும் நேரே 'நன்று' என்று போட்டு முத்திரை குத்தினார்.

ஐசக் ஸ்தோத்திரம் சொல்லி வண்டியை எடுத்தார். வாசலில் நின்ற புத்தம்புதுக் காரின் முதுகில் மோதித்தான் அது நின்றது. அந்தப் புதுக் கார் ஆய்வாளருடையது. அதிலிருந்து உதிர்ந்த எழுத்துகளும் ஜி.டி.தான்.

பக்தவச்சலத்தின் செந்தமிழ் ஓடிப்போயிற்று. "யோவ்! பிரேக் கீதா இல்லியாய்யா?"

"நன்றுன்னு நீங்கதானே சார் போட்டீங்க?"

பக்தவச்சலம் விபத்து அறிக்கை எழுதினார்: 'நல்ல பிரேக் உள்ள வாகனம் வருவது தெரிந்தும், நிறுத்தப்பட்டிருந்த வாகனம் விலகாமல் நின்றதே விபத்துக்குக் காரணம்.'

"சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார்.

முப்பது வருஷம் பொய் சொன்ன பிள்ளைகளையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றிய ஐசக், பேனாவைத் திறந்து தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்தக் கார் ஜி.எஸ்.டி. ரோட்டில், நமக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது.