உளுந்து வயலும் ஒரு முயலும்

குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே மதலைமுத்து ஒரு சபதம் எடுத்தார்.

"ஒன்பது வருஷம் பாலைவனத்துல மணல் தின்னாச்சு. இனிமே இந்தக் கை மண்ணைத் தொடாது!"

"சரிங்க. அப்ப மூணு மா வயல் உளுந்தை யாரு பறிக்கிறது?" என்றாள் மனைவி அருள்மேரி.

"ஆள் விடு."

"ஆளுங்க எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கு. என் தம்பியே அங்கதானே இருக்கான்!"

மதலைமுத்துவிடம் ஆள் இல்லை. துப்பாக்கி இருந்தது. திருச்சியில் வாங்கிய ஏர்கன். தினமும் எட்டு மணிக்கு எழுந்து, காப்பி குடித்து, அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, தோளில் சாத்திக்கொண்டு வயலைச் சுற்றி வருவார். உளுந்துச் செடியைக் கடிக்க முயல் வருகிறதாம். ஈஸ்டருக்கு வரும் மைத்துனன் ஜோஸ்வாவுக்கு முயல் கறி போடுவதாகக் கடிதமே எழுதிவிட்டார்.

ஜோஸ்வாவிடமிருந்து பதில் வந்தது. "மச்சான், இலையில் முயல் விழுந்தால் உங்களுக்கு நான் சலாம் போடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் மீசையை எடுத்துவிட வேண்டும்."

குவைத் வெயிலில் ஒன்பது வருஷம் வாடாமல் வளர்த்த மீசை அது. மதலைமுத்து ஒத்துக்கொண்டார். ஆனால் வயலில் முயலின் காது நுனிகூடத் தென்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூத்தாநல்லூரில் ஜெகபர் அலி வீட்டுக் கல்யாணம் வந்தது. ஜெகபர் அலி குவைத் சிநேகிதர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கறி தொடக் கூடாது என்பதை மதலைமுத்து தட்டு வரும்வரை நினைவில் வைத்திருந்தார். அப்புறம் மூன்று தட்டு பிரியாணி.

மறுநாள் காலை வயிறு அவரை ஏழு மணிக்கு முன்பே எழுப்பிவிட்டது. சொம்பை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினார். உட்கார்ந்த பிறகு நிமிர்ந்தால், பத்தடி தூரத்தில் முயல்! அதுவும் உட்கார்ந்திருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தது. எழுந்திருக்க முடியாது. சொம்பை எறியலாம். எறிந்துவிட்டால் தண்ணீருக்கு எங்கே போவது? முயல் நிதானமாக நாலு இலையைக் கடித்துவிட்டுப் போனது.

"அருளு! துப்பாக்கியோட போனா எட்டிப் பாக்க மாட்டேங்குது. சொம்போட போனா நேர்ல வந்து நலம் விசாரிக்குது!"

அருள்மேரி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கை சற்று நின்றது.

"அது புத்தியுள்ள முயலுங்க. கையில வேற வேலை இருந்தாத்தான் வரும்."

"அதுக்கு?"

"உளுந்து பறிங்க. ரெண்டு கையும் செடியில இருக்கட்டும். வேட்டைக்காரர்னே தெரியக் கூடாது. அது நல்லாப் பழகட்டும். கடைசி நாள் துப்பாக்கியை எடுத்துக்கலாம்."

"அடியே, இந்தக் கை மண்ணைத் தொடாதுன்னு..."

"மண்ணை யாருங்க தொடச் சொன்னா? செடியைத்தானே!"

நியாயமாகத்தான் பட்டது. உளுந்தைப் பனி ஈரம் காய்வதற்குள் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்து மணி கொட்டிவிடும். ஆகவே மறுநாள் ஐந்தரைக்கே அருள்மேரி அவரை எழுப்பி அனுப்பினாள். ஆறு மணிக்குக் குனிந்தார். இரண்டு கையிலும் செடி நிறைந்திருந்த நேரம், முயல் வந்தது! மதலைமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் நாலு பாத்தி பறித்தார்.

தினமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆசை அடக்க முடியாமல், சர்ச்சில் முதல் பூசை முடிந்து எட்டு மணிக்கு வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். ஈ, காக்காய் இல்லை.

"பாத்தீங்களா? எண்ணெய் வாசம் அதுக்குத் தெரியுது," என்றாள் அருள்மேரி.

பக்கத்து வயல் கோவிந்தராசு வரப்பில் நின்று சிரித்தார். "ஏன் மாப்ளே, முயல் புடிக்கிற நாயை மூஞ்சைப் பாத்தாத் தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதான்யா உளுந்து பறிக்கிறேன்!"

பன்னிரண்டு காலையில் மூணு மாவும் மொட்டையானது. இடுப்பு ஒரு பக்கமாகக் கழன்றது. கடைசி நாளும் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பறிக்க ஒன்றுமில்லாததால் மதலைமுத்து நிம்மதியாகத் தூங்கி, எட்டு மணிக்கு எழுந்து, காப்பி குடித்து, துப்பாக்கியைத் துடைத்து, தோளில் சாத்திக்கொண்டு போனார். உச்சி வெயில் வரை நின்றார். முயல் வரவில்லை.

ஈஸ்டர் அன்று இலையில் கோழி விழுந்தது. ஜோஸ்வா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், இது கூவுற முயலா?"

சாப்பாடு முடிந்ததும் அவனே பிளேடும் சோப்பும் எடுத்து வந்தான். தண்ணீர் அதே சொம்பில் வந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒன்பது வருஷம் கீழே விழுந்தது.

"அது கிடக்கட்டும். ஊர்ல ஒரு ஆள் கிடையாதே, உளுந்தை எப்படிக்கா பறிச்ச?" என்று கேட்டான் ஜோஸ்வா.

"உன் மச்சான்தான்டா. முயல் வருதுன்னு பறிச்சாரு."

"நெசமாவே முயல் வருதா?"

"வராம? நான் புல்லறுக்கப் போறப்ப தினம் பாக்கிறேனே. ஏழு மணிக்கு டாண்ணு வரும். வெயில் வந்தாப் புதருக்குள்ள போயிடும். துப்பாக்கிக்காரரு எட்டு மணிக்கில்ல எழுந்திருப்பாரு!"

மதலைமுத்துவுக்கு ரோஷம் பொங்கியது. மீசையை முறுக்கக் கையை உயர்த்தினார். அங்கே முறுக்க ஒன்றுமில்லை.