டீயில் கரைந்த இரும்பு

தென்னேரி தில்லையம்மாள் அத்தைக்கு, அண்ணன் மகள் துர்காதேவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு தறிகள் ஆகிய ஐந்து பேரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் எருமையும் நலமாக இருக்கிறீர்கள் என்றும், ஏரியில் தண்ணீர் இன்னும் இருக்கிறது என்றும் நம்புகிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போன் செய்தால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நீங்கள் "ஏம்மா துர்கா, கீரை சாப்டியா?" என்று கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கலைவாணி அக்கா ஜன்னலிலிருந்து, "எங்க சாப்டுச்சி, மூஞ்சிய சுளிச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்குது" என்று பதில் சொல்லிவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை, தயவுசெய்து இனிமேல் முருங்கைக்கீரை அனுப்பாதீர்கள். நீங்கள் ஏற்றிவிடும் கீரை மூட்டையை வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே "கீரைப் பாப்பா வந்துட்சி, வழி வுடுங்க!" என்று கத்துகிறார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. ஒன்பதாவது படிக்கும்போது பிரேயரில் மயங்கி விழுந்து, கண்ணைத் திறந்தபோது பள்ளிக்கூடம் முழுவதும் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அதற்குப் பிறகு இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. அன்றைக்கு வெட்கப்பட்டு நின்றவள்தான், பிறகு பள்ளிக்கூடம் போகவேயில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டுக்கும் போகாமல் நின்றுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பத்தாவதைத் தனியாக எழுதுவதற்குச் சொல்லித்தரும் டுடோரியல் அங்கேதான் இருக்கிறது. அதில் சேரக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை.

சேர்வதற்கு அப்பா வைத்த நிபந்தனை உங்களுக்குத் தெரியும். தை மாதம் நர்ஸ் கிரேஸ் அக்கா விரலில் குத்திப் பார்த்தபோது ரத்த அளவு எட்டு புள்ளி ஆறு இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். அப்பா, "ரத்தமே இல்லாத புள்ளைய எங்கன்னு அனுப்புறது? பன்னெண்டு வரட்டும். வந்தா நானே கூட்டிக்கினு போய் சேக்கறன். வரலன்னா தறியே போதும்" என்று சொல்லிவிட்டார். மூச்சில் இழுக்கிற காற்றை உடம்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ரத்தத்துக்கு இரும்புச் சத்து வேண்டும், அது குறைந்தால் களைப்பும் மயக்கமும் வரும் என்று கிரேஸ் அக்கா பொறுமையாகச் சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வந்து அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்: "தறியில நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி நூலக் கொண்டு போவுதில்ல? ரத்தத்துல அந்த நாடாதான் இரும்பு. உன் பொண்ணுக்கு நூல் இருக்குது, நாடா இல்ல."

அன்றிலிருந்து எனக்கு நாடா செய்கிற வேலையை வீடே எடுத்துக்கொண்டது. கிரேஸ் அக்கா ஈரல் சாப்பிடச் சொன்னார், ஆனால் நம் வீட்டில் திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனிக்கிழமை யாருக்கு என்று தெரியாவிட்டாலும் அன்றைக்கும் கவுச்சி கிடையாது, மிச்ச நாட்களில் கிருத்திகையும் சஷ்டியும் பிரதோஷமும் புகுந்துவிடுகின்றன, எல்லாம் தப்பி ஈரல் வாங்கியது மூன்று மாதத்தில் இரண்டே தடவை, அதில் ஒரு தடவை பூனை முந்திக்கொண்டது. அதனால் அம்மா பீட்ரூட்டுக்கு வந்தார், "அதுவும் செவப்பு, ரத்தமும் செவப்பு, வேற இன்னா வேணும்?" என்று இட்லி, சாதம், மோர் எல்லாவற்றையும் சிவப்பாக்கினார், நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை என்று கிரேஸ் அக்கா சொன்ன பிறகும் ஒரு வாரம் நிறுத்தவில்லை, ஏனென்றால் ஐந்து கிலோ வாங்கியிருந்தார். இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள், நம்மிடம் இரும்புச் சட்டி இல்லை, உடனே அப்பா தறியில் எடைக்குத் தொங்கவிட்ட பழைய இரும்புக் குண்டு ஒன்றைக் கழற்றித் தேய்த்துக் கழுவிச் சாம்பாரில் போட்டுவிட்டார். அன்றைக்கென்று உதயகுமார் சித்தப்பா சாப்பிட வந்தார். சாம்பாரோடு குண்டும் அவர் இலையில் விழுந்தது.

"அண்ணி, இது இன்னா காய்?"

"ஐயோ, அது உங்களுக்கில்லப்பா, துர்காவுக்கு!" என்று அம்மா அதை எடுத்துக் கழுவி மறுபடியும் சாம்பாரில் போட்டார். சித்தப்பா அன்றைக்கு மோர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

இவ்வளவும் செய்து இரண்டாவது மாதம் பார்த்தால் எட்டு புள்ளி எட்டு. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் சத்து போய்விடும் என்று அம்மா திட்டினார்.

இனி எழுதப்போவதை மாமாவிடம்கூடச் சொல்லாதீர்கள். கிரேஸ் அக்கா கொடுத்த இரும்பு மாத்திரையை என்னால் விழுங்கவே முடியவில்லை, அத்தை. தொண்டையில் நின்றுகொள்ளும். அதனால் பொடி செய்து டீயில் கரைத்துக் குடித்தேன். பட்டில் பால் வாடை பிடித்துவிடும் என்று அப்பா தறிப் பக்கம் பால் விடமாட்டார், அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் வெறும் டீதான், அதுவும் கசக்கக் கசக்க. தறி நின்றால் டீ, டீ முடிந்தால் தறி. மாத்திரைப் பொடியைப் போட்டதும் அந்த டீ மை மாதிரி கறுத்துவிடும். அம்மா அதைப் பார்த்து, "எத்தினி சத்து பாரு, டீயே கறுத்துப் போச்சு!" என்று பூரித்துப்போவார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தேன்.

ஒரு நாள் அந்த டம்ளரோடு தறியைத் தாண்டும்போது அப்பா திடீரென்று "கீரை சாப்டியா?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டேன். டம்ளர் போய், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருந்த மாம்பழ மஞ்சள் பாவில் கவிழ்ந்தது. அது முகூர்த்தப் புடவை, அத்தை. மஞ்சள் இழைகள் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. துடைத்தால் போகவில்லை, தண்ணீர் தொட்டு ஒற்றினாலும் போகவில்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சாயக்காரர் தனசேகரன் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"யாருப்பா பாவு மேலயே சாயம் போட்டது?"

"சாயம் இல்லண்ணா, டீ" என்றார் அம்மா.

"டீ இந்தக் கறுப்பு கறுக்காதும்மா. துவர்ப்புல இரும்பு சேந்தாதான் இப்பிடி வரும். கடுக்காத் தண்ணியில இரும்பப் போட்டு கறுப்பு ஏத்துவாங்க. துவர்ப்பு இரும்பப் புடிச்சா வுடாது. ஏழு தண்ணி அலசு, வுடாது. டீயில இன்னாத்த போட்டீங்க, ஆணியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலைவாணி அக்கா ஜன்னலில் இருந்தும் பார்த்தார்.

கறை பிடித்த இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புதுப் பட்டு வைத்து முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தேன், இரண்டு நாள். கை வேலை செய்ய, மனம் ஒரே இடத்தில் நின்றது. டீ இரும்பைப் பிடித்தால் பட்டிலேயே விடாது என்றால், என் வயிற்றில் மட்டும் விட்டுவிடுமா? இரண்டு மாதமாக நான் குடித்தது சத்தா, சாயமா?

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் பன்னிரண்டு மணி வரை நின்றேன். கூட்டம் போனதும் கிரேஸ் அக்காவிடம் கேட்டுவிட்டேன். வெளியாள் ஒருவரிடம் நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அடிப்பாவி, டீயிலயா கரைச்ச? டீயில இருக்கிற துவர்ப்பு இரும்பக் கட்டிப்போட்டுடும்மா. ஒடம்பு கொஞ்சந்தான் எடுத்துக்கும், மீதி வந்த மாதிரியே வெளிய போயிடும். எலுமிச்சம்பழத் தண்ணியோட முழுங்கு. புளிப்பு இருந்தா ஒடம்பு நல்லா இழுத்துக்கும். சாப்பாட்டுக்கு முன்ன பின்ன ஒரு மணி நேரம் டீயத் தொடாத. ஆமா, இத உனக்கு யாரு சொன்னா?"

"பாவு சொல்லுச்சிக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மற்ற நர்ஸ்களையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். எனக்கு மறுபடியும் தூணுக்குப் பின்னால் போய்விடலாம்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா பாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பாவு மேலயே பரீட்சை எழுதிட்டா" என்றார். கோபமா பெருமையா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு தொண்டையைக் கெஞ்சிக் கெஞ்சி விழுங்குகிறேன். இன்று காலை மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். இந்தத் தடவை ஊசியால் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். நான் பயந்ததைப் பார்த்து, "எறும்பு கடிக்கிற மாதிரிதான், என்னைப் பாரு" என்று அப்பாவும் கையை நீட்டினார். ஊசி குத்தும்போது அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் போனில் சொல்வார்களாம். பன்னிரண்டு வராவிட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும், அத்தை. அடுத்த வருஷம் அப்பா மனம் மாறாமல் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் கேட்பார். ஸ்பீக்கரில் வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். எருமையை விசாரித்ததாகச் சொல்லவும். முருங்கை மரத்துக்கும் என் அன்பு, அது கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். உங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் கீரை இல்லாமல் அனுப்பவும்.

உங்கள் அண்ணன் மகள்,
துர்காதேவி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கிரேஸ் அக்கா போன் வந்துவிட்டது. அப்பா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார். எனக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று! கலைவாணி அக்கா ஜன்னலில் நின்று கை தட்டினார். அதோடு கிரேஸ் அக்கா போனை வைக்கவில்லை. "அப்பாவுக்கு ஒம்போது புள்ளி எட்டுதான் இருக்குது. ஆம்பளைங்களுக்குப் பதிமூணு வேணும். நாளைக்கு டாக்டரைப் பாக்கணும். ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிக்கிறாரு?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் "பதினொண்ணு" என்றேன். போனில்தான், அத்தை, தெருவே கேட்க, சத்தமாக. எனவே மேலே கீரை வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். இந்த வெள்ளிக்கிழமையே அனுப்புங்கள், இரண்டு மூட்டையாக. டுடோரியலில் சேர்ந்துவிட்டு நானே பஸ்ஸுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். கண்டக்டர் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.