பிரித்துப் பின்னும் பிறவிகள்

வேலையைத் தொடங்காமலே இருப்பவர்கள் ஒரு வகை. தொடங்கிவிட்டுப் பாதியில் கைகழுவுகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஒரு பிறவி இருக்கிறது. தொடங்கி, கண்ணும் கருத்துமாகச் செய்து, முக்கால்வாசி முடித்து, பார்க்கிறவர்கள் "அடடா!" என்று வாயைத் திறக்கிற சமயத்தில், "ம்ஹூம், சரியா வரல" என்று மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பிறவி. கட்டி முடித்த சுவரில் நூல் பிடித்துப் பார்த்து, அரை அங்குலம் சாய்வு என்று இடிக்கச் சொன்னவரை உங்களுக்குத் தெரியாதா? புள்ளி ஒன்று தள்ளிப்போயிற்று என்று வாசல் கோலம் முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவியவரை? அவர்கள்தான்.

இந்தப் பிறவிகளில் தேர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வரதராசன்பேட்டைக்கு வர வேண்டும். ஆனி ரோஸ் டீச்சர் வீடு என்றால் யாரும் கை காட்டுவார்கள். வயது நாற்பத்தெட்டு. அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் மரிய செல்வம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். பள்ளி விட்டு வந்தால் டீச்சர் கையில் இரண்டு ஊசி, மடியில் ஒரு நூல் உருண்டை. பின்னுவது கம்பளிச் சால்வை.

ஆமாம், கம்பளி. சித்திரையில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற ஊரில், மார்கழியில்கூட மின்விசிறியை இரண்டில் வைத்துத் தூங்குகிற ஊரில், கம்பளிச் சால்வை.

அதுவும் சாதாரணச் சால்வையா? ஊதினால் பறக்கிற மெல்லிய நூலில் ஓட்டை ஓட்டையாகப் பின்ன, அந்த ஓட்டைகளே இலையும் கொடியுமாக உருவெடுக்கும். ஒவ்வோர் இலை நுனியிலும் கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடி மணி ஒன்று. அதை மயிரிழைபோன்ற கொக்கி ஊசியால் எடுத்து, பின்ன வேண்டிய கண்ணியில் கோத்து, கண்ணியை நழுவவிடாமல் மறுபடி பெரிய ஊசிக்கு மாற்ற வேண்டும். ஒரு சால்வைக்கு ஆயிரத்துச் சொச்சம் மணி. ஊரடங்குக் காலத்தில் செல்போனில் எவளோ ஒரு வெள்ளைக்காரி பின்னுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வியாதி. மற்றவர்களுக்கு அந்தக் காலத்து வியாதி பதினைந்து நாளில் குணமாயிற்று. டீச்சருக்கு ஆகவில்லை.

நூலுக்குச் சாயமும் அவரே போடுவார். கடைச் சாயம் மனசுக்கு ஒப்பவில்லையாம். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் குவிகிறதல்லவா, அங்கே மண்டி வாசலில் உதிர்ந்து கிடக்கும் தோலை மரிய செல்வம் சாக்கில் அள்ளி, "வெங்காயத்த வுட்டுட்டுத் தோலை மட்டும் கொண்டு போறீங்களே அண்ணே, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று விசாரிக்கிற பஸ் கண்டக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கொண்டுவந்து சேர்ப்பார். கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு. அண்டா நிறையத் தண்ணீர். தோல் ஒரு மணி நேரம் கொதித்ததும் வடிகட்டி, படிகாரத் தண்ணீரில் ஊறிய நூலை அதில் இறக்கினால், வெள்ளை நூல் மெல்ல மெல்லப் பழுத்த முந்திரிப்பழத்தின் நிறத்துக்கு வரும். வாசனை மட்டும் தெருமுனை வரைக்கும் போகும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், சாம்பார் மணம் தூக்குதே. வூட்ல விசேஷமா?"

"சாம்பார் இல்ல பொன்னாயி. நூலு."

"நூலையா வேக வெக்கிறீங்க?" பொன்னாயி அண்டாவை எட்டிப் பார்த்தாள். "இடியாப்பம் கணக்கால்ல கெடக்கு."

கிண்ணத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் பிறவிகளிடம் மாட்டிக்கொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. பாராட்டிப் பாருங்கள். "டீச்சர், ரொம்ப அழகா இருக்கே" என்று நீங்கள் சொன்னால், அவர் முகம் மலராது. உங்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பின்னலைத் திருப்பி, விரலால் ஓரிடத்தைத் தொட்டு, "இங்க பாருங்க, இந்தக் கண்ணி முறுக்கிக்கிச்சு" என்பார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. "தெரியலீங்களே" என்பீர்கள். "நல்லாப் பாருங்க" என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். தப்பைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் உங்களுக்கு விடுதலை கிடையாது; கடைசியில் தெரியாமலே "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். மறுநாள் போனால் பின்னல் இருக்காது. உருண்டைதான் இருக்கும். "நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்க, அப்புறம் எப்படி வுடுறது?" என்று பழியையும் உங்கள் தலையில் வைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் டீச்சர் ஒரு வாக்குக் கொடுத்தார்.

தலைமை ஆசிரியை ஜெகதாம்பாள் மே மாதம் ஓய்வு பெறுகிறார். உடையார்பாளையத்துக்காரர், வீடு அரியலூரில். ஒரே மகள் கீதாஞ்சலி ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். இனி அம்மாவும் அங்கேயே. முந்திய வருஷம் ஆனி ரோஸுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது, பத்தாம் வகுப்புக் கணக்கை ஜெகதாம்பாள்தான் நடத்தினார். காலையில் தலைமை ஆசிரியை நாற்காலி, மத்தியானம் கையில் சாக்பீஸ், சாயங்காலம் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, "உன் புள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் போடுதுங்க, நீ படு" என்று கட்டில் ஓரமாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த வருஷம் கணக்கில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை.

"மேடம், அங்க குளிருமே. நான் ஒரு சால்வை பின்னித் தரேன்" என்றார் ஆனி ரோஸ்.

"நீயா?" என்றார் ஜெகதாம்பாள். வேறெதுவும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். முதல் சால்வை பொங்கலுக்கு முன்னால் பாதி முடிந்தது, பதினெட்டாம் வரிசையில் ஒரு மணி விட்டுப்போயிருந்தது, பிரித்தாயிற்று. இரண்டாவது மாசி மாதம் முக்கால் முடிந்தது. புதிதாகச் சாயம் போட்ட நூல் பழையதைவிட ஒரு துளி சிவப்பாக இருந்தது. வேறு மண்டி வெங்காயமாம். பிரித்தாயிற்று. மூன்றாவதில் என்ன குறை என்று மரிய செல்வம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாரு ஆனி, கண்ணாடி வெச்சிப் பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியும்ல."

"ஒனக்குத் தெரியும்னா நீ போத்திக்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த இரண்டு மாதத்துக்கு ஈடாக ஒரு சால்வை நிற்க வேண்டுமானால், அதில் ஒரு கண்ணி பிசகலாமா? அவர் மனசில் ஓடியது அதுதான். வாயில் வந்தது வேறு. "நீங்க பேசாம தோப்புக்குப் போங்க."

நான்காவது முடிந்தேவிட்டது. புதன்கிழமை டீச்சர் அதை நனைத்துப் பிழிந்து, கட்டில் மெத்தைமேல் விரித்து, ஓரம் முழுக்கக் குண்டூசி குத்தி இழுத்துக் காயவைத்தார். இப்படிச் செய்தால்தான் சுருண்டு கிடக்கிற பின்னல் விரிந்து இலை இலையாகத் தெரியும். எழுபத்துநாலு குண்டூசி. மரிய செல்வத்துக்கு இரண்டு நாளும் தரையில் பாய்.

வெள்ளிக்கிழமை விழா. காலையில் புடவை கட்டிக்கொண்டு, சால்வையை எடுக்கக் குனிந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். எல்லா இலையும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் ஒன்றே ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"என்னங்க," என்றார். "அறுவத்திரண்டு வரிசை பிரிக்கணும்."

மரிய செல்வம் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார்.

டீச்சர் பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் இறங்கி, கடையில் ஜரிகைபோட்ட பொன்னாடை ஒன்றை வாங்கிக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தார்.

நம் ஊர் ஓய்வு விழா உங்களுக்குத் தெரியும். மேடையில் ஜெகதாம்பாளை உட்காரவைத்து, பெற்றோர் சங்கம் ஒன்று, முன்னாள் மாணவர் ஒன்று, சத்துணவு அமைப்பாளர் ஒன்று என்று வியர்க்க வியர்க்கப் போர்த்திக்கொண்டேயிருந்தார்கள். இருபது பொன்னாடைக்குப் பிறகு மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. ஆனி ரோஸ் இருபத்தொன்றாவதைப் பிரித்துப் போர்த்தினார்.

ஜெகதாம்பாள் அதைப் பார்த்தார். ஆனி ரோஸைப் பார்த்தார். முன்னால் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"இது எதுக்கு? நீ பின்னினது எங்க?"

மண்டபம் முழுவதும் அது கேட்டது. வெளியே டீக்கடையிலும் கேட்டது.

"மேடம்... அது வந்து... இன்னும் கொஞ்சம்..."

"மறுபடியும் பிரிச்சிட்டியா?"

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிச் சமையல்கட்டு வரைக்கும் போனது. ஆனி ரோஸ் இறங்கி, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மேடம் விமானம் ஏறிவிடுவார். போன வருஷம் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தவருக்கு, தன் கையால் ஒன்றும் இல்லை. இருபத்தொரு பேரில் ஒருத்தி, அவ்வளவுதான். தலையைக் குனிந்து வளையலைச் சுற்றிக்கொண்டேயிருந்தார்.

பந்தி போடுகிற நேரத்தில் மரிய செல்வம் பைக்கில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. மனைவியைத் தேடவில்லை. நேராக ஜெகதாம்பாளிடம் போய்ப் பையை நீட்டினார்.

"மேடம், இத ஒங்களோட எடுத்துட்டுப் போயிடுங்க. புண்ணியமாப் போவும். எழுவத்துநாலு ஊசியும் நானே புடுங்கினேன். இன்னைக்காவது நான் கட்டில்ல படுக்கணும்."

ஜெகதாம்பாள் பிரித்தார். ஜன்னல் வெளிச்சம் இலை இலையாகத் தரையில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து ஆனி ரோஸ் ஓடிவந்தார்.

"மேடம், வேணாம்! அதுல தப்பு இருக்கு!"

"இரு." ஜெகதாம்பாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய விரல் வரிசை வரிசையாக ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. "ஆமா. இங்க மணி நுனியில இல்ல. ஒரு கண்ணி தள்ளிக் கோத்திருக்க."

ஆனி ரோஸ் குனிந்து பார்த்தார். அவர் சொல்ல வந்தது அதையல்ல. இது அவருக்கே தெரியாத தப்பு!

"அது இல்ல மேடம். இது, இந்த இலை. திரும்பியிருக்கு பாருங்க."

"அட, இதை நான் பாக்கலியே," என்றார் ஜெகதாம்பாள், ஒரு மதிப்பெண் குறைந்த பிள்ளையைப்போல. "தள்ளி உக்காரு. இந்த ஓரத்துலேருந்து பாப்போம்."

உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். "இதோ ஒண்ணு", "இங்க ஒண்ணு", "இது தப்பில்ல, நிழலு" என்று பிரியாணி ஆறி, பந்தி இரண்டு முறை எழுந்து, வாழைமரத்தை அவிழ்க்க ஆள் வரும் வரைக்கும் தேடினார்கள். பதினோரு தப்பு. இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லையாம். நடுவில் ஒருதரம், தப்பு எதையும் பார்க்காமல், ஜெகதாம்பாள் சால்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "நல்லாச் சூடாத்தான் இருக்கு" என்றார்.

"அறுவத்திரண்டு வரிசைதான் பிரிக்கணும். ரெண்டு நாள் குடுங்க மேடம்," ஆனி ரோஸ் சால்வையை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். "ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்டுக்கே கொண்டாந்து தந்துடறேன்."

ஜெகதாம்பாள் தன் பக்கம் இழுத்தார். "அறுவத்திரண்டு வரிசைய ரெண்டு நாள்லயா? கணக்கு டீச்சர்தான நீ?"

"மேடம், இதைப் போயி ஒங்களுக்கு..."

"வுடு ஆனி. அறுந்துரும்."

அறுந்துவிடும் என்றதும் ஆனி ரோஸின் கை தானாக விட்டுவிட்டது. ஜெகதாம்பாள் சால்வையை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். இருபத்தொரு பொன்னாடையையும் சத்துணவுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். பாத்திரம் இறக்கத் துணி வேண்டுமாம்.

அதற்குப் பிறகு டீச்சர் பன்னிரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் செல்போனில் ஒரு படம் வந்தது. பனிமூட்டம், கல் வீடு, வாசலில் ஜெகதாம்பாள். தோளில் முந்திரிப்பழ நிறம்.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். எந்த இலையும் சரியாகத் தெரியவில்லை. மேடம் சால்வையை உள்பக்கம் வெளியே வருமாறு போர்த்தியிருந்தார்.

பதில் எழுதத் தொடங்கினார். "மேடம், திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று அடித்தார். அழித்தார். "மேடம், மணி இருக்கிற பக்கம்தான் வெளியில" என்று அடித்தார். அழித்தார். அரைமணி நேரம் இப்படியே போனது. கடைசியில் "அங்க ரொம்பக் குளிருதா மேடம்?" என்று அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "குளிருது. இது இருக்கு."

டீச்சர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மரிய செல்வம் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். "பாத்தியா? நான் சொல்லல?" என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் கொல்லையில் அடுப்பு எரிந்தது. டீச்சர் மனசு மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்கியதை ஏற்கெனவே ஒரு தடவை பிரித்தாயிற்று.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் ஒன்று. இவ்வளவு நேரம் படித்ததில் எங்கேயோ ஓர் ஒற்று மிகாமல் போயிற்று, எங்கேயோ ஒரு வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று உங்கள் கண் ஓரிடத்தில் உறுத்தி நின்றிருந்தால், கை தன்னால் பென்சிலைத் தேடியிருந்தால், வெளியே சொல்ல வேண்டாம். எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது; வந்து சேர்ந்துவிடுங்கள். முதல் கூட்டம்தான் இன்னும் நடந்தபாடில்லை. அழைப்பிதழை ஐந்தாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.