வேலங்குச்சியின் மேல்பல்

தன் பல்லுக்குத் தினமும் ஆஜர் எடுத்த மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் எங்கள் வேலங்குச்சி. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் எப்.ஏ. படித்தபோது விடுதியில் என் அறைக்காரன், உடன்குடிப் பயல். பல் துலக்கச் சட்டைப் பையில் எந்நேரமும் நாலு வேலங்குச்சி வைத்திருப்பான். அதனால் பேரும் அதுவே ஆகிவிட்டது.

விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று எண்ணுவான். "முப்பத்திரண்டும் வந்துட்டுலே!" என்று முழங்கிவிட்டு எங்களைப் பிடித்துக்கொள்வான். கிணற்றடிக்குப் பல் தேய்க்கச் செங்கல்பொடி கொண்டுபோனவன் தொலைந்தான்.

"ஏலே, செங்கலை வச்சு வீடு கட்டுதான். நீ வாய்க்குள்ள என்னத்தலே கட்டப் போற?"

ஊர்க் கருப்பட்டியைக் கடைவாயில் வைத்து ஒரே கடியில் உடைத்து எல்லாருக்கும் பங்கு வைப்பான். தின்று முடிக்குமுன் வாய் கொப்புளிக்கவும் விரட்டுவான். அவனைத் திட்டாத நாள் கிடையாது.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்கு மேல்கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. ஐயோ, என்ன வலி! கன்னம் பணியாரமாக வீங்கிப் புத்தகத்தைத் தொட முடியவில்லை. பரீட்சை போனால் அப்பா என்னை ஏர் பிடிக்க அனுப்பிவிடுவார்.

"பிடுங்கிருவோம்லே" என்றான் வேலங்குச்சி.

"மேல்பல்லைப் பிடுங்குனா கண்ணு அவிஞ்சு போகும்லே!" என்று அலறினேன்.

விடுதியே ஆமாம் என்று தலையாட்டியது. ஒளி எப்படி வளைகிறது என்று படம் போட்டு விளக்கத் தெரிந்த கூட்டம் அது!

வேலங்குச்சி நாள் முழுக்க வாதாடிப் பார்த்தான். நான் மசியவில்லை. மறுநாள் காலையில் ஆஜர்கூட எடுக்காமல் எங்கேயோ போனான். மத்தியானம் வாயில் துணியை அமுக்கிக்கொண்டு திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தான். வெள்ளைவெளேரென்று ஒரு மேல்கடைவாய்ப் பல். சொத்தையில்லை, ஆட்டமில்லை.

"சந்தையில பல் பிடுங்குதவர் மாட்டேன்னுட்டாரு. காலைப் பிடிச்சேன்."

என் புத்தகத்தை எடுத்து விரித்து, கையை நீட்டிப் பிடித்து, பொடி எழுத்தை உரக்க வாசித்தான். துணி சிவந்துகொண்டே வந்தது.

"தெரியுதுலே! எல்லாம் தெரியுது! இப்பவாவது வாலே."

நான் எழுந்து அவன்கூடப் போனேன். பிடுங்கினேன், பரீட்சை எழுதினேன், தேறினேன். அதற்கப்புறம் அவன் கருப்பட்டியைக் கல்லால்தான் உடைத்தான்.

மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபித்துவிட்டான், பாவி. ஆனால் அவனுடைய அந்த ஒரு பல்லை நினைத்தால் மட்டும், இந்த வயசிலும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.