தார்ப்பாய் பெரியப்பா

கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு மூன்றாவது நாளாக உட்கார்ந்திருக்கிறேன். இன்று மத்தியானம் பக்கத்துக் குவியல்காரர், "டீ சொல்லவா பாப்பா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன்னால் என் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. மூக்கு ஒருமுறை உறிஞ்சியது. அதற்கப்புறம்தான், "சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தார்ப்பாய்க்காரர் வூட்டுப் பொண்ணா?"

முகத்தை வைத்து இல்லை, கையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். பெரியப்பாவைப் பற்றி எழுதிவிடுவது என்று அப்போதுதான் தோன்றியது. எழுதினால் இந்த வியாதி கொஞ்சம் இறங்கும் என்று ஒரு நப்பாசை.

தஞ்சாவூர்ச் சீமையில் எங்கள் பெரியப்பா மூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது காவிரி மட்டும்தான். அதுவும் அந்த அகலத்துக்குத் தார்ப்பாய் கிடைக்காததால்.

அவர் வீட்டில் டிவிக்கு உறை. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ரப்பர் பேண்ட். உள்ளே எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செய்தி கேட்க உட்காருகிறவர்கள் கார்ட்டூன் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். சோபா கடையிலிருந்து எந்தப் பிளாஸ்டிக்கோடு வந்ததோ, நான் காலேஜ் முடிக்கும் வரை அதே பிளாஸ்டிக்கோடு இருந்தது. கோடை விடுமுறையில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோலில் பாதி சோபாவிலேயே தங்கிவிடும். ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கை ஈ மொய்க்காமல் இருக்க அவர் இறுக்கி மூடியதில், க்ரீமில் எழுதியிருந்த என் பெயர் முழுவதும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. நான் அழுதேன்.

"பேருதானடி போச்சு. கேக்கு இருக்குல்ல?" என்றார்.

இந்த உறைகளுக்கெல்லாம் தாய் உறை அந்தத் தார்ப்பாய். நீலமாக வாங்கியது. இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. கிழிந்த இடமெல்லாம் உரச்சாக்கு ஒட்டு. லீவுக்குப் போகும்போது அதற்குள் புகுந்துகொள்வதுதான் எங்களுக்கு விளையாட்டு. உள்ளே வெந்த பிளாஸ்டிக்கும் நெல் தூசியும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் அது வந்தால் எனக்குத் தும்மலும் பசியும் சேர்ந்தே வருகின்றன.

அப்புறம் அந்தக் கை. எந்தக் கேள்விக்கும் அவர் முதலில் மழை வருகிறதா என்று கை நீட்டிப் பார்ப்பார். பிறகுதான் பதில். கான்கிரீட் கூரைக்குக் கீழேயும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டதும் கையை நீட்டியிருக்கிறார்.

"எங்கப்பா, மாப்புள என்னமோ கேக்குறாருன்னு பயந்துபோயி தட்டுலேந்து ஒரு வாழப்பழத்த எடுத்து கையில வெச்சாரு" என்பார் பெரியம்மா. "இவரு அதையும் துண்டால மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

ஆனால் ஊரே பேசியது வேறொரு கதை. ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் கிடந்த ஈர நெல்லைப் பெரியப்பா குவித்து, தார்ப்பாயால் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்து, ஒரு மூலையைக்கூட யாரும் தூக்கக் கூடாது என்று காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். இடையில் வெயில் அடித்தது. அப்போதும் திறக்கவில்லை. கடைசியில் பிரித்தபோது இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி. உள்ளே நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். "பாரு, ஒரு சொட்டு மழ படல."

"ஆமா, படல" என்றார் பெரியம்மா. "அதான் நாமளே நாத்து விட்டுட்டோம்."

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார். பிறகு தார்ப்பாயை வாய்க்காலுக்கு எடுத்துக்கொண்டு போய் அலசி, உதறி, காயப் போட்டுவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. ஒரு போகத்து உழைப்பு. அதற்கப்புறம் அந்தக் கதையை அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை.

இந்த வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணைப் பச்சைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். தூசிப் பக்கமே போகக் கூடாதாம். எனக்கோ எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற வேலை. அந்த 'எங்கிருந்து வேண்டுமானாலும்' என்பதில் நெல் குவியலும் அடக்கம் என்று பெரியம்மா தீர்மானித்துவிட்டார். வந்த அன்றே நிலையத்துக்காரர்கள் ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் ஒரு பிடியைப் போட்டுப் பார்த்து, "காய வெச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூட்டம், தூறல், மூட்டம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தார்ப்பாயின் ஒரு முனையை முதுகால் அழுத்திக்கொண்டு மீட்டிங்கில் பேசுகிறேன். இடுப்பு கழன்றுவிட்டது. மணிக்கு ஒரு போன்.

"மூடிட்டியா?"

"மூடித்தான் பெரியப்பா இருக்கு."

சாயங்காலம் ஏதோ தோன்றி, தார்ப்பாய்க்கு அடியில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். சுட்டது. நாமாகத் திறந்துவிட்டு மழை வந்தால் நெல் போச்சு. திறக்காவிட்டால் பழைய கதை. யாரிடம் இதைச் சொல்லக் கூடாதோ, அவருக்கே போன் செய்தேன்.

"பெரியப்பா, உள்ள சுடுதுங்க."

அந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே கை நீள்வது போனிலேயே எனக்குத் தெரிந்தது. "கண்ணுல கட்டோட இவருக்கு இது ஒண்ணு" என்று பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது. ஒருமுறை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"தொறந்துடு பாப்பா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. "மழ வந்தா?"

"வந்தா வரட்டும். இப்ப மூலைய மட்டும் தூக்கி வுடு. காலையில வெயிலு தெரிஞ்ச ஒடனே முழுசா பிரிச்சு, பரப்பிக் கெளறி வுடு. ஒம் பையில என் துண்டு வெச்சிருக்கேன். நீ தலைய மூடிக்க."

பையைத் துழாவினேன். அடியில் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், ரப்பர் பேண்ட் போட்டு. காலையில் தார்ப்பாய்க்கு முன்னால் அதைத்தான் பிரித்தாக வேண்டும்.