பலசரக்குக் கடை புரோகிராம்

கடைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்க ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஒரு பைசா செலவழிக்க மாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில். என் மனைவி வீரலட்சுமி அப்போது வீட்டில் இல்லை. அதனால் சத்தமாகவே எடுத்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு மருந்துக் கடை. அதற்கு முந்தின மாசம், தேதி முடிந்த இருமல் மருந்து ஒன்றைப் பார்க்காமல் விற்றுவிட்டேன். வாங்கிப்போனது பேகம்பூர் ஜெய்தூன் பீவி. குடித்தது அவளுடைய மூணு வயது மகள். பிள்ளை மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. ஜெய்தூன் பீவி சண்டைக்கு வரவில்லை. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

"அம்புட்டு பாட்டிலுக்கும் தேதி பாக்க ஒங்க கண்ணு பத்தாது. கம்ப்யூட்டர்ல போடுங்க" என்றாள் வீரலட்சுமி.

மதுரையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடிய அவள் அண்ணன், தன் பழைய கம்ப்யூட்டரைச் சும்மாவே கொடுத்துவிட்டார். புரோகிராம்தான் வாங்க வேண்டும். மருந்துக் கடைக்கென்றே எழுதிய புரோகிராமுக்கு மதுரை இன்ஜினியர் ஒருவர் ஆறாயிரம் கேட்டார். மதன்குமார் என்றொருவன் ஐந்நூறுக்கு ஒரு பிளாப்பியை நீட்டினான். வாங்கிவிட்டேன்.

வீரலட்சுமி திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, துவரம்பருப்புன்னு வருது?"

"பலசரக்குக் கடைக்கு எழுதுனதாம். பேரை மாத்திக்கிட்டாச் சரியாப் போச்சு. பாட்டில் எத்தனை மிச்சம்னு டக்குனு சொல்லுதுடி!"

"குடிச்ச ஆளு எத்தனை மிச்சம்னு சொல்லுமா?"

நான் கீபோர்டைத் துணியால் துடைத்தேன்.

"தேதி எங்க போடுறது?"

"பருப்புக்கு ஏதுடி தேதி?"

"மருந்துக்கு இருக்கே."

"அதை நான் கண்ணால பாத்துக்கிறேன்."

"அதே கண்ணாலயா?"

ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்தவனிடம் பேசுகிற பேச்சா இது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளும் விட்டுவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எனக்கு இருமல். கடையிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து, மூன்று வேளையும் அவளே ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தாள். என்ன பாசம்! நாலாம் நாள் காலையில் என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலை வைத்தாள்.

"லேபிளைச் செத்த பாருங்க."

தேதி முடிந்து பத்து மாசம் ஆகியிருந்தது. கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டேன்.

"அடிப்பாவி! பாக்காமலா குடுத்த?"

"பாத்தேனே, கம்ப்யூட்டர்ல. பதினோரு பாட்டில் இருக்கு, விக்கலாம்னுச்சு."

வயிறு வலித்தது. நெஞ்சு வலித்தது. வலிக்கவே தெரியாத காது மடல்கூட வலித்தது. பிறகு அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தது. மூணு வயசு. எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லக்கூடத் தெரிந்திருக்காது.

அப்படியே எழுந்து மதுரை பஸ் ஏறினேன். ஆறாயிரத்தைக் கொடுத்துவிட்டு, சாயந்தரம் புதுப் பிளாப்பியோடு வீட்டு வாசலில் சாய்ந்தேன்.

"வாங்கிட்டேன்டி. இனி தேதி முடிஞ்சா அதுவே கத்தும். என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. உசுரு இருக்கையிலயே போயிருவோம்."

வீரலட்சுமி பிளாப்பியை வாங்கிப் பத்திரமாகப் பீரோவில் வைத்தாள்.

"மருந்து போன மாசம் வந்த புதுச் சரக்குதாங்க. லேபிளை மட்டுந்தான் பழசு பாத்து ஒட்டுனேன்."