அமலியின் பெட்டிகளும் என் அம்புகளும்

சேசு மரி சூசை

கணபதி,
14.10.1996

கோபியில் இருக்கும் அன்புள்ள மச்சான் பாக்கியராஜ் அவர்களுக்கு,

பெனடிக்ட் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை டெய்சியும் சுகம். அங்கே அக்காவும் வாழைத்தோப்பும் காற்றுக்குச் சாயாமல் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

ஈஸ்டருக்கு வந்தபோது, "கம்ப்யூட்டர் கம்பெனியில ஆறு மாசத்துல வேலை நிரந்தரமாகலீன்னா, புள்ளைய டீச்சர் டிரெய்னிங்ல சேத்துப்போடுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த ஆறு மாதம் போன வெள்ளியோடு முடிந்தது. அன்றைக்குத்தான் அன்னூர் நூல் வியாபாரி திருமலைசாமியின் குடோனைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் திட்டத்தை நம் அமலி படமாகக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் வேலை, இல்லாவிட்டால் டிரெய்னிங்.

வியாழக்கிழமை அவள் பென்சிலில் போட்டு வைத்ததைப் பார்த்தேன். ஏழு பெட்டி, நடுவில் ஓர் உருளை, குறுக்கும் நெடுக்கும் கோடு. முப்பது வருடமாகப் பம்புசெட்டுக்குப் படம் போடுகிறவன் வீட்டில் அளவில்லாத படமா! "ஏனம்மணி, இந்தப் பெட்டி வார்ப்பிரும்பா, தகடா?" என்றேன். "அது பெட்டியே இல்லீங்கப்பா. பில் போடற புரோகிராமுங்க." "அப்புறம் எதுக்குப் பெட்டி போட்ட?" "அப்படித்தானுங்க போடுவாங்க." "செரி, இந்த உருளை எத்தன லிட்டர்?" "அதுல சரக்கு விவரமெல்லாம் இருக்குதுங்க." தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். விவரம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அம்பு, அவ்வளவுதானே! அவள் சாயங்காலப் பூசைக்குப் போன நேரத்தில் டிரேசிங் தாளில் மையில் ஏற்றிப்போட்டேன். பெட்டிக்கெல்லாம் மில்லிமீட்டர் அளவு, உருளையைக் குறுக்கே வெட்டியதுபோல் காட்டி உள்ளே சாய்கோடு, மூலையில் 'வரைந்தவர்: பெனடிக்ட்'. அளவுக்கோட்டுக்கு இரண்டு முனையிலும் அம்பு போட்டே பழகிய கை, எல்லாக் கோட்டுக்கும் இரண்டு தலை வைத்துவிட்டது. வந்து பார்த்து "ஐயோ அப்பா!" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் "நல்லாருக்குதுங்க" என்று சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தாள். திருமலைசாமி படத்தில் விரல் வைத்து, "ஏனுங்க அம்மணி, போன சரக்கு குடோனுக்குத் திரும்பி வாரதுக்கும் அம்பு போட்டிருக்கறீங்களே! தறிக்காரங்க பாதி மூட்டையத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கன்னு இதுக்கு முன்னால வந்த ஒருத்தருக்கும் தெரியலீங்க" என்றாராம். வேலை நிரந்தரம்! "உங்க அம்புதானுங்கப்பா காப்பாத்துச்சு" என்றாள். மச்சான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டறை முழுக்க லட்டு கொடுத்தேன். நான் போட்ட அம்பு, நான் காப்பாற்றிய வேலை! இனி டிரெய்னிங் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர். அந்தோணியார் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பெனடிக்ட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அமலி வாங்கிப் படித்துவிட்டாள். "மாமாவுக்குப் பொய் எழுத வேண்டாமுங்கப்பா" என்று பீரோவைத் திறந்தாள். என் படம் சுருட்டியது சுருட்டியபடி உள்ளே கிடக்கிறது. அன்னூருக்குப் போனது அவளுடைய பென்சில் படம். மூட்டை திரும்பி வரும் கோடு, இரண்டு நாள் குடோனில் உட்கார்ந்து பார்த்து அவளே போட்டதாம். "உங்க மனசு நோகுமுன்னுதான் உங்க அம்புன்னு சொல்லிப்போட்டேனுங்க" என்கிறாள். ஆகவே மச்சான், மேலே 'நான்' காப்பாற்றினேன் என்று வருகிற இடத்தில் 'அமலி' என்று திருத்திப் படிக்கவும். பெருமையை மட்டும் குறைக்க வேண்டாம். இத்தனை உதவி நான் செய்தும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாளே, என் மகள்!